ஓஸ்லோவில் தனியாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி: முதல்முறை செல்பவர்களுக்கான முழு வழிகாட்டி

நார்வே போகிறவர்களில் பலர் தலைநகர் ஓஸ்லோவில் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்குகிறார்கள். மீதி நாள் எல்லாம் மலைகளுக்கு இடையே உள்நுழையும் கடற்பகுதிகளான ஃபியோர்டுகளுக்கு. அந்த ஒரு நாளிலும் பாதி நேரம் போன் திரையைப் பார்த்தபடியே, நீலப் புள்ளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தேடியே போய்விடுகிறது. இது தேவையில்லாத சிரமம். ஐரோப்பியத் தலைநகரங்களிலேயே திசை பிடிபடுவதற்கு மிக எளிதான ஊர்களில் ஓஸ்லோவும் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். கிளம்பும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொண்டால் போதும், அப்புறம் கால்களே வழி சொல்லும்.

படி 1: வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

ஓஸ்லோவின் அமைப்பு ஒரு முறத்தைப் போன்றது. மூன்று பக்கம் மேடான விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு. விளிம்பு என்பது காடு சூழ்ந்த குன்றுகள். திறப்பு, தெற்கே இருக்கும் ஓஸ்லோ ஃபியோர்டு. ஆகவே நகரின் நடுவில் எங்கே நின்றாலும் சாலை இறங்கும் பக்கம் பெரும்பாலும் தெற்கு, கடலோரம். ஏறும் பக்கம் வடக்கு, காடு. வானம் மூடி, சூரியன் தெரியாத நாளிலும் இந்தக் கணக்கு பிசகாது.

அடுத்து கிழக்கும் மேற்கும். வடக்கே இருக்கும் மாரிதால் ஏரியிலிருந்து கிளம்பி, நகரத்தின் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது ஆக்கெர்செல்வா என்ற சின்ன ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே பழைய தொழிலாளர் குடியிருப்புகள், மேற்கே வசதியானவர்களின் பகுதி என்று நெடுங்காலமாகவே ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. க்ரூனர்லொக்கா, க்ரோன்லாண்ட், தோயன் எல்லாம் கிழக்கு. அரண்மனை, ஃப்ரோக்னர், மயூர்ஸ்டூவன் எல்லாம் மேற்கு. விடுதி முகவரியைப் பார்த்தவுடன் அது ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது அடையாளம் ஓஸ்லோ எஸ் என்று எல்லோரும் சொல்லும் மத்திய ரயில் நிலையம். அங்கிருந்து மேற்கே, அரண்மனை வரை ஏறக்குறைய நேர்கோடாகப் போகிறது கார்ல் யோஹான் வீதி. ரயில் நிலையம் ஒரு முனை, அரண்மனை மறுமுனை. நிதானமாக நடந்தாலும் இருபது நிமிடம்தான். நகரத்தின் முதுகெலும்பு இதுதான்.

படி 2: விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

கார்டெர்மூன் விமான நிலையம் நகருக்கு வடகிழக்கே 50 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. டாக்ஸி எடுக்க வேண்டாம். பணம் கரைவதைத் தவிர வேறு பலன் இல்லை.

ரயில் நிலையம் விமான நிலையக் கட்டடத்திலேயே இருக்கிறது. இரண்டு வகை ரயில்கள் போகின்றன. ஃப்ளிதோகெட் எனப்படும் விரைவு ரயில், சுமார் இருபது நிமிடத்தில் ஓஸ்லோ எஸ் சேரும். வருகைக் கூடத்தில் முதலில் கண்ணில் படும் விளம்பரமும் டிக்கெட் இயந்திரங்களும் பெரும்பாலும் இதனுடையவைதான். இன்னொன்று, வீ நிறுவனம் இயக்கும் சாதாரண ரயில். கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும், சில நிமிடங்களே வித்தியாசம். கட்டணமோ ஏறக்குறைய பாதி. அவசரம் இல்லாதவர்கள் வீ ரயிலில் போகலாம் என்பதுதான் என் பரிந்துரை. இரண்டின் டிக்கெட்டும் வேறு வேறு. ஒன்றின் டிக்கெட்டை வைத்துக்கொண்டு இன்னொன்றில் ஏற முடியாது.

இறங்கும் இடத்தையும் யோசித்து முடிவு செய்யுங்கள். விடுதி கிழக்கிலோ நடுவிலோ இருந்தால் ஓஸ்லோ எஸ். அரண்மனைப் பக்கம் என்றால், நகரைத் தாண்டி மேற்கே போகும் ரயில்களில் அடுத்த நிறுத்தமான நஷனால்தியாத்ரெட் வரை போய் இறங்குங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்காது.

படி 3: டிக்கெட்

மெட்ரோ, டிராம், பஸ், தீவுகளுக்குப் போகும் படகு, எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். அதை நடத்துவது ரூட்டர் என்ற அமைப்பு. ஓஸ்லோ நகர எல்லை முழுவதும் மண்டலம் 1. நீங்கள் பார்க்கப்போகும் இடங்கள் எல்லாம் அநேகமாக அதற்குள் அடங்கிவிடும். விமான நிலையம் மட்டும் அதற்கு வெளியே. மண்டலம் 1 டிக்கெட்டோடு விமான நிலைய ரயிலில் ஏறினால் அபராதம்தான்.

ஒற்றை டிக்கெட் ஒரு மணி நேரம் செல்லும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி ஏறலாம். 24 மணி நேர டிக்கெட் சுமார் மூன்று ஒற்றை டிக்கெட்டுகளின் விலை. அதனால் காலையில் போய் மாலையில் திரும்புவது மட்டும்தான் திட்டம் என்றால் ஒற்றை டிக்கெட் போதும். அதற்கு மேல் அலைவீர்கள் என்றால் 24 மணி நேர டிக்கெட். மூன்று நாளோ அதற்கு மேலோ தங்குகிறவர்கள் 7 நாள் டிக்கெட்டின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பல நேரம் அதுதான் மலிவு.

ரூட்டர் செயலியை ஊரிலேயே இறக்கிக்கொண்டு, வெளிநாட்டில் செல்லுபடியாகும் கார்டையும் அதில் சேர்த்துவிடுங்கள். செயலி வேண்டாம் என்பவர்கள் நார்வெசன், செவன் இலெவன் கடைகளில் கேட்கலாம். மெட்ரோ நிலையத்தில் நம் ஊர் மெட்ரோ மாதிரி தடுப்புக் கதவு எதுவும் இருக்காது. நேராக உள்ளே நடந்து பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். இதைப் பார்த்து டிக்கெட்டை யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள். ஏறிய பிறகு அவசரமாகப் போனில் வாங்குவதும் எடுபடாது. காலடி வைக்கும் முன்பே டிக்கெட் செயல்பாட்டில் இருக்க வேண்டும்.

ஓஸ்லோ பாஸ் என்று ஒன்று இருக்கிறது: 24, 48, 72 மணி நேரக் கணக்கில். பல அருங்காட்சியகங்களுக்கும் நகரப் போக்குவரத்துக்கும் சேர்த்து. ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகம் பார்க்கிறவர்களுக்கு லாபம். பூங்கா, தீவு, காடு என்று சுற்றுகிறவர்களுக்கு அது வீண், ஏனென்றால் அவையெல்லாம் எப்படியும் இலவசம். அந்தப் பாஸும் விமான நிலைய ரயிலுக்குச் செல்லாது.

படி 4: ஆறு நிலையங்களை மனப்பாடம் செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஓஸ்லோ மெட்ரோவில் ஐந்து தடங்கள் இருக்கின்றன. ஐந்தும் நகரின் நடுவில் ஒரே சுரங்கம் வழியாகத்தான் போகின்றன. மேற்கிலிருந்து கிழக்காக அந்தச் சுரங்கத்தின் நிலையங்கள்: மயூர்ஸ்டூவன், நஷனால்தியாத்ரெட், ஸ்டோர்டிங்கெட், யெர்ன்பானெதோர்கெட், க்ரோன்லாண்ட், தோயன். இந்த ஆறுக்குள் எங்கிருந்து எங்கே போவதானாலும், சரியான திசையில் வரும் எந்த ரயிலிலும் ஏறலாம். தட எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஓஸ்லோ எஸ்-க்கான மெட்ரோ நிலையத்தின் பெயர் யெர்ன்பானெதோர்கெட் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இரண்டும் ஒரே இடம்தான்.

இந்தப் பெயர்களின் கடைசியில் வரும் 'ட்' பலகையில் எழுதியிருக்கும், ஆனால் ரயில் அறிவிப்பில் காதில் விழாது. அறிவிப்பை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் இதற்குக் காதைப் பழக்கிக்கொள்வது நல்லது.

சுரங்கத்தை விட்டு வெளியே போகும்போதுதான் எண் முக்கியம். அதைவிட முக்கியம் கடைசி நிலையத்தின் பெயர். 1ஆம் தடத்தில் ஃப்ரோக்னெர்சேதெரன் என்று இருந்தால் வடமேற்குக் குன்றுகளின் மேலே. 5ஆம் தடத்தில் சோக்ன்ஸ்வான் என்றால் வடக்கே ஏரிக்கரைக்கு.

இந்த 5ஆம் தடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அது நகரைச் சுற்றி ஒரு வளையம் அடித்துவிட்டு மறுபடியும் அதே சுரங்கத்துக்குள் வரும் தடம். அதாவது ஒரே பயணத்தில் ஸ்டோர்டிங்கெட் நிலையத்தை இரண்டு முறை கடக்கும். அதனால் ஒரே பிளாட்பாரத்தில் அடுத்தடுத்து இரண்டு 5 வரும். ஒன்று வளையத்துக்குள் போகும், இன்னொன்று வெஸ்ட்லி என்ற கடைசி நிலையத்துக்கோ சோக்ன்ஸ்வானுக்கோ போகும். பலகையில் 'ரிங்கன்' என்று இருந்தால் அது வளையம் சுற்றப் போகிறது. எண்ணை மட்டும் பார்த்து ஏறாமல், பக்கத்தில் இருக்கும் பெயரையும் படித்துவிட்டு ஏறுங்கள். அப்படியே தவறி ஏறினாலும் கலங்க வேண்டாம். வளையம் சுற்றிய வண்டி மறுபடியும் நடுச் சுரங்கத்துக்கே வந்து சேரும்.

கோடை விடுமுறைக் காலத்தில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில், மெட்ரோ, டிராம் தடங்களின் சில பகுதிகளை மூடிவிட்டு மாற்றுப் பஸ் விடுவது அங்கே வழக்கம். ஜூலையில் போகிறவர்கள் ஒவ்வொரு நாள் காலையிலும் செயலியில் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 5: டிராமும் பஸ்ஸும்

வழி கற்றுக்கொள்ள மெட்ரோவைவிட டிராமே சிறந்தது. சுரங்கத்தில் ஒன்றும் தெரியாது. டிராமில் ஊரே ஜன்னலில் ஓடும். அதிலும் 12ஆம் எண் டிராம் ஒரு வரப்பிரசாதம். மயூர்ஸ்டூவனில் கிளம்பி, சிற்பப் பூங்கா வாசல், ஆக்கர் ப்ரிக்கெ துறைமுகம், நகர மையம், க்ரூனர்லொக்கா என்று தொட்டுக்கொண்டு வடக்கே ஷெல்சோஸ் வரை போகிறது. சுற்றுலாப் பேருந்து நிறுவனங்கள் கேட்கும் தொகையைக் கொடுப்பதைவிட, 24 மணி நேர டிக்கெட்டில் இதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு முறை உட்கார்ந்து போய் வாருங்கள்.

பஸ்களில் சிவப்பு நகருக்குள் ஓடுவது, பச்சை புறநகருக்குப் போவது.

சாலையைக் கடப்பதில் ஒரு எச்சரிக்கை. வரிக்கோட்டில் நீங்கள் காலெடுத்து வைத்தால் கார் நின்றுவிடும். டிராம் நிற்காது. சட்டப்படியே நடப்பவர்தான் டிராமுக்கு வழிவிட வேண்டும். காரோட்டிகள் நிற்பதைப் பார்த்துப் பழகிய கால், டிராம் தண்டவாளத்திலும் அதே நம்பிக்கையில் இறங்கிவிடக் கூடாது. கார்களில் பல மின்சாரக் கார்கள் என்பதால் சத்தமும் இருக்காது. காதில் ஹெட்போன் வேண்டாம்.

படி 6: முதல் நாள் நடை

முதல் நாளே ஒரு வட்டம் நடந்துவிடுங்கள். ஐந்து கிலோமீட்டர் அளவில் வரும். இதற்குப் பிறகு நகர மையத்தில் வழி கேட்க வேண்டிய தேவையே இருக்காது.

ஓஸ்லோ எஸ் வாசலில் ஒரு வெண்கலப் புலி நிற்கும். ஊர்க்காரர்களே 'புலிக்குப் பக்கத்தில் நில், வந்துவிடுகிறேன்' என்றுதான் சந்திக்கும் இடம் குறிப்பார்கள். குழுவாகப் போகிறவர்கள், யாராவது தொலைந்துபோனால் கூடும் இடமாக இதையே வைத்துக்கொள்ளலாம். புலியிலிருந்து மேற்கே கார்ல் யோஹான் வீதியில் ஏறுங்கள். வலப்பக்கம் 1697இல் கட்டி முடித்த தேவாலயம். வீதி மெல்ல ஏறி எகெர்தோர்கெட் என்ற சின்னச் சதுக்கத்தில் உச்சியைத் தொடும். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். முன்னால் வீதி இறங்கி, மறுபடி ஏறி, அதன் முடிவில் அரண்மனை தெரியும். ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்பது சட்டென்று பிடிபடுவது அந்த இடத்தில்தான். இறங்கும்போது இடப்பக்கம் நாடாளுமன்றம், அப்புறம் மரங்கள் சூழ்ந்த பூங்கா, தேசிய நாடக அரங்கம். வலப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்கள்.

நாடக அரங்கிலிருந்து இடப்பக்கம், அதாவது தெற்கே, இறக்கத்தில் ஐந்து நிமிடம் நடந்தால் இரட்டைக் கோபுரம் கொண்ட செங்கல் நிற நகர மண்டபம். 1950இல் திறந்தது. 1990 முதல் ஒவ்வொரு டிசம்பர் 10ஆம் தேதியும் நோபல் அமைதிப் பரிசு வழங்குவது இதற்குள் இருக்கும் பெரிய கூடத்தில்தான். நிகழ்ச்சிகள் இல்லாத நேரத்தில் இலவசமாகவே உள்ளே போய்ச் சுவரோவியங்களைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, குழந்தையாக நார்வே வந்த கம்சாஜினி குணரத்னம் 2015 முதல் 2021 வரை இந்த நகரின் துணை மேயராக இருந்தார் என்பதை அந்தக் கூடத்தில் நிற்கும் தமிழர் நினைத்துக்கொள்ளலாம்.

மண்டபத்தின் கடல் பக்கம் வந்ததும் வலப்புறம் தேசிய அருங்காட்சியகமும் ஆக்கர் ப்ரிக்கெயும். இடப்புறம் ஆக்கெர்ஷூஸ் கோட்டை. கோட்டைக்குள் நுழைந்து மதில்மேல் நடங்கள், வளாகத்துக்குக் கட்டணம் இல்லை. கோட்டைக்கு வடக்கே தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேர்நேராக இருப்பதற்குக் காரணம் ஒரு தீ விபத்து. 1624இல் கிழக்கே இருந்த பழைய ஊர் எரிந்தபோது, அரசர் நான்காம் கிறிஸ்டியான் ஊரையே கோட்டைக்கு அருகில் மாற்றிக் கட்டி, கிறிஸ்டியானியா என்று தன் பெயரை வைத்தார். மறுபடியும் ஓஸ்லோ ஆனது 1925இல்தான். அந்தக் கட்டத் தெருக்களில் வழி தவறுவது கடினம். எப்படித் திரும்பினாலும் கோட்டையோ ரயில் நிலையமோ எதிர்ப்படும்.

கோட்டைக்குக் கீழே கடலோரமாகவே கிழக்கே போனால் பியோர்விகா. 2008இல் திறந்த ஓபரா இல்லம் இங்கே. வெள்ளைப் பளிங்குக் கூரை தண்ணீர் விளிம்பிலிருந்தே சாய்வாக எழும்பும். எவரும் அதன் மேல் ஏறி நடக்கலாம், டிக்கெட் கிடையாது. மேலே நின்று முதுகைக் கடலுக்குக் காட்டிப் பாருங்கள்: முன்னால் ரயில் நிலையம், அதற்கு அப்பால் நகரம், இடக்கைப் பக்கம் தூரத்துக் குன்றில் ஹோல்மென்கோலன் பனிச்சறுக்குக் கோபுரம். படி 1இல் சொன்னது எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். மழையிலும் பனியிலும் அந்தப் பளிங்கு வழுக்கும், ஓரத்தில் கைப்பிடியும் எல்லா இடத்திலும் இல்லை. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

பக்கத்திலேயே 2020இல் திறந்த டைக்மன் பொது நூலகம். குளிர் வாட்டும்போது உட்கார, போனுக்குச் சார்ஜ் ஏற்ற, கழிப்பறை போக இதைவிட நல்ல இடம் நகர மையத்தில் இல்லை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

படி 7: மையத்தை விட்டு வெளியே

இரண்டாம் நாளிலிருந்து ஆளாளுக்கு விருப்பம் மாறும். என் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் வீகெலாண்ட் சிற்பப் பூங்கா. 12ஆம் எண் டிராம் வாசலிலேயே இறக்கிவிடும். இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள், எல்லாம் குஸ்தாவ் வீகெலாண்ட் என்ற ஒருவரின் கைவண்ணம். நடுவில் ஒரே கல்லில் 121 மனித உருவங்கள் பின்னிப் பிணைந்து எழும் தூண். இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. காலை எட்டு மணிக்கு முன்பு போங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்த பிறகு அந்தப் பாலத்தில் நின்று எதையும் பார்க்க முடியாது.

அடுத்து தீவுகள். நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள படகுத்துறையில் ரூட்டர் படகுகள் கிளம்பும். உங்கள் மண்டலம் 1 டிக்கெட்டே போதும். மிக அருகில் இருப்பது ஹோவெடோயா, பத்து நிமிடம்கூட ஆகாது. 1147இல் துறவிகள் அமைத்த மடத்தின் இடிபாடுகள் அங்கே இருக்கின்றன. தண்ணீரும் சாப்பாடும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைத் துறையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காடு பார்க்க ஆசை என்றால் 1ஆம் தட மெட்ரோவில் கடைசி வரை, ஃப்ரோக்னெர்சேதெரன். கடல் மட்டத்திலிருந்து 469 மீட்டர் உயரத்துக்கு மெட்ரோவே ஏற்றிவிடும். நகரத்தில் மழை பெய்யும் நாளில் இங்கே பனி கொட்டலாம், ஒரு கம்பளிச் சட்டை கூடுதலாக வேண்டும். பனிக்காலத்தில் இங்கிருந்து மிட்ஸ்டூவன் நிலையம் வரை 2 கிலோமீட்டர் சறுக்குவண்டிப் பாதை உண்டு. வண்டி வாடகைக்குக் கிடைக்கும். சறுக்கி இறங்கி, அதே மெட்ரோவில் வண்டியோடு மேலே ஏறி, மறுபடியும் சறுக்கலாம்.

ஆக்கெர்செல்வா ஆற்றங்கரை நடை, சுற்றுலாப் பயணிகள் அதிகம் வராத ஒன்று. டிராமில் ஷெல்சோஸ் வரை போய், அங்கிருந்து ஆற்றோடு கீழ்நோக்கி நடங்கள். அருவிகள், பழைய ஆலைக் கட்டடங்கள், கடைசியில் வுல்கன் பகுதியின் உணவுக் கூடம். வழி முழுக்க இறக்கம்தான்.

பிக்டோய் தீபகற்பத்தின் அருங்காட்சியகங்களுக்கு 30ஆம் எண் பஸ். வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் மட்டும் புதுக் கட்டடத்துக்காக மூடியிருக்கிறது, 2027இல் திறக்கத் திட்டம். அதை நம்பிப் போகிறவர்கள் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 8: நேரமும் பருவமும்

ஜூன் கடைசியில் இரவு பத்தரை மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். டிசம்பர் கடைசியில் காலை ஒன்பதே கால் போல் உதித்து, மாலை மூன்றே கால் போல் மறைந்துவிடும். குளிர்காலத் திட்டத்தில் வெளியிடங்களை நண்பகலைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

உறைந்த நடைபாதை ஒரு தனிக் கலை. செருப்புக்கடியில் மாட்டும் முள் பட்டை கடைகளில் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். நடைபாதையில் ஒரு கட்டடத்தின் சுவரில் நீளமான கழிகளைச் சாய்த்து வைத்திருந்தால், கூரையிலிருந்து பனிக்கட்டி விழக்கூடும் என்று அர்த்தம். யாரோ மறந்து வைத்த கட்டை என்று நினைத்து அதனடியில் நடக்காதீர்கள், எதிர்ப்பக்கம் மாறிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பழம், ரொட்டி, தயிர் வாங்கி வைத்துவிடுங்கள். மறந்துபோனால் ஓஸ்லோ எஸ் நிலையத்துக் கடையும் சில சின்னக் கடைகளும்தான் கதி. குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும், பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ரொக்கம் கிட்டத்தட்ட தேவையே இல்லை. நம் ஊர்ச் சமையல் சாமான்களுக்கு க்ரோன்லாண்ட் பகுதிக் கடைகளுக்குப் போங்கள், காய்கறி விலையும் அங்கே குறைவு.

வழி கேட்கத் தயங்க வேண்டாம். அவர்களாக வந்து பேச மாட்டார்கள், கேட்டால் நின்று பொறுமையாகச் சொல்வார்கள். ஆங்கிலம் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். அவசர உதவிக்கு ஆம்புலன்ஸ் 113, போலீஸ் 112, தீயணைப்பு 110. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் மறுநாள் வரை காத்திருக்க முடியாத உடல்நலக் குறைவுக்கு 116117.

படி 9: திரும்பும் நாள்

கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவே செயலியில் ரயில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். மெட்ரோ இரவு ஒரு மணி வாக்கில் நின்றுவிடும், காலை ஐந்தரை வாக்கில்தான் மறுபடி தொடங்கும். விடியற்காலை விமானம் என்றால் இரவுப் பஸ் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் ஓஸ்லோ எஸ்-க்கு நடக்கும் தூரத்தில் கடைசி இரவைத் தங்குங்கள். நிலையத்தில் பலகையில் விமானப் படம் போட்டிருக்கும் ரயில்தான் உங்களுடையது. பிளாட்பாரம் கடைசி நேரத்தில் மாறுவது உண்டு, கீழே இறங்கும் முன் பலகையை இன்னொரு முறை பாருங்கள். கையில் இருப்பது மண்டலம் 1 டிக்கெட் என்றால், வீ ரயிலில் ஏறுவதற்கு முன்பே விமான நிலையம் வரை மீதி மண்டலங்களுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.